குரங்கு போட்ட இடமா, பந்து கிடந்த இடமா?

1744ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் லீத் நகரத்தில் கோல்ஃப் ஆடி வந்த கனவான்கள் ஒரு வெள்ளி மட்டைக்கான போட்டி நடத்த 13 விதிகளை எழுதினார்கள். இன்று கைக்குக் கிடைக்கும் கோல்ஃப் விதித்தொகுப்புகளில் அதுதான் மிகப் பழையது. ஒரே தாளில் அடங்கிவிடும் அந்தப் பதின்மூன்றில் பத்தாவது விதி விலங்கைப் பற்றியது. பந்தை ஆளோ குதிரையோ நாயோ வேறு எதுவோ தடுத்து நிறுத்தினால், நின்ற இடத்திலிருந்தே அதை ஆட வேண்டும் என்கிறது அது. பந்து எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், எத்தனை மட்டைகள் வைத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் அவர்கள் எழுதவில்லை. குதிரையையும் நாயையும் மறக்காமல் எழுதினார்கள்.

காரணம் எளிது. லீத் மைதானம் அன்று வேலி போட்ட கிளப் நிலம் அல்ல, ஊர்ப் பொதுநிலம். ஆட்டக்காரர்கள் அங்கே பல பேரில் ஒரு சாரார், அவ்வளவுதான். நாய் குறுக்கே வந்தால் நாயைக் குற்றம் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. ஆகவே மனிதர்கள் தங்களுக்குள் என்ன செய்துகொள்வது என்பதைத்தான் அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்: கோல்ஃப் விதிப்புத்தகத்தில் விலங்கு வரும் இடமெல்லாம் உண்மையில் மனிதனின் பேச்சு சோதிக்கப்படும் இடம்.

சென்னையை ஒட்டிய எங்கள் கரையான்சாவடியிலிருந்து பார்த்தால் கோல்ஃப் தூரத்து ஆட்டம். பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து நகரத்துக்குள் போனால் நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம் இருக்கிறது. கிண்டியில் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் மைதானம் குதிரைப் பந்தய ஓடுபாதைக்கு உள்ளேயே அமைந்தது. லீத் விதியில் வரும் குதிரை சென்னைக்கும் பொருந்திய இடம் அது. 2024 செப்டம்பரில் அந்தப் பந்தயத் திடலின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கரைத் தமிழக அரசு தன் வசம் எடுத்துக்கொண்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். மலைக்குப் போனால் ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல். கடல் தாண்டினால் 1889 முதல் நுவரெலியா. இந்த மைதானங்கள் எல்லாவற்றிலும் காகம் உண்டு, நாய் உண்டு, பாம்பு உண்டு. கொடைக்கானலில் காட்டெருமையே உண்டு.

இந்தியாவைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கோல்ஃப் கதை உலகம் முழுக்கப் பிரசங்க மேடைகளில் சுற்றி வருகிறது. ஆங்கிலேயர் கல்கத்தாவில் கோல்ஃப் மைதானம் போட்டார்களாம். குரங்குகள் இறங்கிவந்து பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவாம். வேலி போட்டும் பார்த்தார்கள், விரட்டியும் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் “குரங்கு எங்கே போடுகிறதோ அங்கிருந்து ஆடு” என்று விதியை மாற்றிக்கொண்டார்களாம். வாழ்க்கையில் நேர்வதை ஏற்றுக்கொள் என்பதற்கு உதாரணமாக இதைச் சொல்கிறார்கள். 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் என்பது உண்மை. குரங்கு விதிக்கு மட்டும் எந்த ஆண்டு, எந்த ஏடு என்று கதை சொல்பவர்கள் யாரும் காட்டுவதில்லை.

எனக்கு அந்தக் கதை பிடிக்காததற்கு ஆதாரக் குறைவு மட்டும் காரணம் அல்ல. கோல்ஃப் விதி சொல்வது அதற்கு நேர் எதிரானது. தரையில் நின்றுவிட்ட பந்தைக் குரங்கோ காகமோ நாயோ எடுத்துப்போனால் ஆட்டக்காரருக்குத் தண்டனை கிடையாது. பந்தைப் பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். இடம் துல்லியமாகத் தெரியாவிட்டால் நியாயமாக மதிப்பிட்டு வைக்க வேண்டும். காகம் பந்தோடு பறந்தே போய்விட்டால், சில வினாடிகளில் சாதாரண முயற்சியில் அது கிடைக்காவிட்டால், வேறு பந்தை அந்த இடத்தில் வைக்கலாம். விதி 9.6 இதைச் சொல்கிறது. குரங்கு போட்ட இடத்திலிருந்து ஆடினால் அது தவறான இடத்திலிருந்து ஆடிய குற்றம்: ஸ்ட்ரோக் (அடி) கணக்கில் இரண்டு கூடும், நேருக்கு நேர் ஆட்டம் என்றால் அந்தக் குழியே போய்விடும். குரங்கு பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தாலும் இதே கதிதான். பிரசங்கக் கதை அந்தப் பக்கத்தை யோசிப்பதே இல்லை.

1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டியில் இது உலகமே பார்க்க நடந்தது. சாக்ராஸ் மைதானத்தின் 17ஆவது குழி தண்ணீர் சூழ்ந்த தீவு. ஒரு வீரரின் பந்து அந்தத் தீவில் குழி இருக்கும் பச்சைத் தரையில் பத்திரமாக விழுந்து நின்றது. கடற்காக்கை ஒன்று வந்து அதைக் கொத்தியது, உருட்டியது, அலகில் கவ்வியது, பறக்கும்போது தண்ணீரில் நழுவவிட்டது. தண்ணீரில் விழுந்த பந்துக்கு வழக்கமாகத் தண்டனை உண்டு. அவருக்கு இல்லை. பந்து முதலில் நின்ற இடத்தில் வேறு பந்தை வைத்து அவர் தொடர்ந்து ஆடினார். பறவை செய்ததை மனிதன் சுமக்கவில்லை.

ஓடும் பந்துக்கு வந்தால் கதை மாறுகிறது. அடித்த பந்து பறந்து வரும்போதோ உருளும்போதோ விலங்கின் மேல் பட்டுத் திரும்பினால், அது போய் நின்ற இடத்திலிருந்துதான் ஆட வேண்டும். லாபமும் நஷ்டமும் ஆட்டக்காரருடையவை. மாட்டின் மேல் பட்டுப் பள்ளத்துக்குள் போனாலும் அப்படித்தான், மாட்டின் மேல் பட்டுக் கொடிக்கு அருகில் வந்தாலும் அப்படித்தான். 1744இல் எழுதியதன் சாரம் இன்றைய விதி 11.1இல் அப்படியே உயிரோடு இருக்கிறது. இதற்கு ‘ரப் ஆஃப் தி கிரீன்’ என்று ஒரு பெயர் விதிப்புத்தகத்தில் வெகுகாலம் இருந்தது. 2019இல் புத்தகத்தைத் திருத்தி 34 விதிகளை 24 ஆக்கியபோது பெயரை எடுத்துவிட்டார்கள், விஷயத்தை எடுக்கவில்லை.

ஏன் இந்தப் பாகுபாடு? நின்ற பந்து முடிந்துபோன செயல். அதன் பலன் ஆட்டக்காரருக்குச் சேர்ந்துவிட்டது. அதை எடுக்க நாய்க்கும் உரிமை இல்லை, நாயின் தயவால் கூடுதலாகப் பெற ஆட்டக்காரருக்கும் உரிமை இல்லை. ஓடும் பந்தின் முடிவோ இன்னும் எழுதப்படவில்லை. அது எங்கே போய் நின்றிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததைச் சொல்லும்படி ஆட்டக்காரரை விதி கேட்பதில்லை. ஒரு இடத்தைக் கண்ணால் கண்டவர் அதைச் சொல்லலாம். காணாத இடத்தைக் கற்பனை செய்து சொல்லக் கூடாது. இதைச் சாட்சியச் சட்டம் படித்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

நடுவில் விழும் ஒரு வகையும் உண்டு. புல்தரையில் படுத்திருக்கும் மாட்டின் முதுகு மடிப்பில் பந்து தங்கிவிட்டால் என்ன செய்வது? உருண்டுவரும் பந்தை நாய் வாயிலேயே வாங்கிக்கொண்டால்? மாட்டின் மேலிருந்து யாரும் ஆட வேண்டியதில்லை. பந்து அந்த விலங்கின் மேல் முதன்முதலில் தங்கிய கணத்தில் அதற்கு நேர் கீழே தரை எங்கே இருந்ததோ அந்த இடத்தை மதிப்பிட்டு, அதிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழியை நெருங்காமல், பந்தைக் கீழே விட வேண்டும். நாய் அதன் பிறகு நூறடி ஓடியிருந்தாலும் அந்த ஓட்டம் கணக்கில் வராது.

இதையெல்லாம் தீர்மானிப்பது யார்? பெரிய போட்டிகளில் நடுவர் இருப்பார். மற்ற நாளெல்லாம் ஆட்டக்காரர்தான் தனக்கு நடுவர். கிரிக்கெட் இதில் வேறு வழியில் போனது. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 2022 அக்டோபரில் அமலுக்குக் கொண்டுவந்த திருத்தத்தின்படி, மைதானத்துக்குள் வந்த ஆளோ விலங்கோ பொருளோ ஏதாவது ஓர் அணிக்குப் பாதகம் செய்தால் நடுவர் ‘டெட் பால்’ சொல்லிவிடலாம். பந்து செத்தது, கணக்கு தீர்ந்தது. எங்கள் கரையான்சாவடிப் பக்கம் மெட்ரோ தூண்கள் எழும்பிய பிறகு மிஞ்சியிருக்கும் காலி மனைகளில் ஞாயிற்றுக்கிழமை இதைப் பார்க்கலாம். டென்னிஸ் பந்தை நாய் கவ்விக்கொண்டு ஓடும். “டேய், நாய் கவ்விடுச்சு, டெட் பாலு” என்பான் பந்து போட்டவன். “அது கவ்வுறதுக்கு முன்னாடியே நாங்க ரெண்டு ஓடிட்டோம்” என்பான் அடித்தவன். கீப்பர் பையன் எந்த அணியில் இருக்கிறானோ அந்த அணிக்குச் சாதகமாகவே பார்த்திருப்பான். சத்தம் பெரியதாக இருக்கும் பக்கம் ஜெயிக்கும். அந்தச் சண்டையில் ஒரு சத்தான கேள்வி இருக்கிறது: நாய் கவ்விய கணத்தில் நிலைமை என்ன? கோல்ஃப் விதியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. பதிலை எதிரணியின் குரலிடம் விடாமல், ஆட்டக்காரரின் மனச்சாட்சியிடம் விடுகிறது.

அந்த மனச்சாட்சிக்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். விலங்குதான் பந்தை நகர்த்தியது என்பது தெரிந்ததாகவோ, ஏறக்குறைய நிச்சயமாகவோ இருக்க வேண்டும். ஏறக்குறைய நிச்சயம் என்றால் குறைந்தது 95 சதவீத வாய்ப்பு. நாய் பந்தருகே போனதைப் பார்த்தேன், திரும்பி வந்தபோது பந்து இல்லை என்றால் அந்த அளவு எட்டக்கூடும். ‘இந்தப் பக்கம் நாய் நிறைய, எதாவது எடுத்திருக்கும்’ என்பது எட்டாது. எட்டாவிட்டால் பந்து தொலைந்த பந்துதான். தேட மூன்று நிமிடம். 2019க்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. கிடைக்காவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் தண்டனையோடு, முதலில் அடித்த இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும். பந்து கிடைத்து, ஆனால் சற்றுத் தள்ளிக் கிடக்கிறது, யார் நகர்த்தியது என்று தெரியவில்லை என்றால், காற்றோ சரிவோ செய்ததாகக் கொண்டு கிடக்கிற இடத்திலிருந்து ஆட வேண்டும். சந்தேகத்தின் பலன் ஆட்டக்காரருக்குப் போவதில்லை. தனக்குத் தானே நடுவராக இருப்பவருக்குச் சந்தேகத்தின் பலனையும் கொடுத்தால் ஆட்டமே நிற்காது என்பது இதன் பின்னால் உள்ள கணக்கு என்று நினைக்கிறேன். எனக்கு இந்த விதிப்புத்தகத்தின் மேல் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

குழி இருக்கும் பச்சைத் தரையில் மட்டும் விதி இளகுகிறது. அங்கே தட்டிய பந்து விலங்கின் மேல் பட்டுத் திசை மாறினால் அந்த ஸ்ட்ரோக் கணக்கிலேயே வராது, திரும்ப ஆட வேண்டும். இந்தச் சலுகைக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. விதிப்புத்தகம் ‘விலங்கு’ என்று சொல்வது மனிதனைத் தவிர்த்த எல்லா உயிரையும்: பாலூட்டி, பறவை, ஊர்வன, தவளை, புழு, பூச்சி, சிலந்தி. அப்படியென்றால் உருளும் பந்து ஓர் எறும்பின் மேல் ஏறினாலும் ஸ்ட்ரோக்கை ரத்து செய்ய வேண்டுமே! சென்னையில் மழை விட்ட மறுநாள் காலையில் இந்த விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் ஒருவரும் ஆடி முடிக்க முடியாது. 2023 பதிப்பில் புழு பூச்சிகளை இந்தச் சலுகையிலிருந்து விலக்கித் தெளிவாக எழுதிவிட்டார்கள்.

விலங்கு தோண்டும் வளைகளின் வரலாறு இன்னும் சுவையானது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகர நிர்வாகம் பணமுடையில் தன் கடற்கரைப் புல்நிலத்தை விற்றது. அது டெம்ஸ்டர் குடும்ப வியாபாரிகள் கைக்கு வந்தது. அவர்கள் அதில் முயல் வளர்த்தார்கள். கோல்ஃபின் தாய்வீடு என்று இன்று போற்றப்படும் நிலம் முழுவதும் முயல் வளையாயிற்று. ஊர்க்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் அடிதடி, வழக்கு. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அந்த நிலத்தை வாங்கி ஆட்டத்துக்கு விட்ட பிறகுதான் ஓய்ந்தது. அந்தச் சண்டைக் காலத்தில், 1812இல், அங்கே எழுதப்பட்ட விதிகளில் முயலுக்குத் தனி இடம் இருக்கிறது. முயல் மேலாகப் பறண்டிய குழியில் பந்து கிடந்தால் அப்படியே ஆடு. வளைக்குள் போய்விட்டால் எடுத்துப் பின்னால் போட்டுத் தண்டனையில்லாமல் ஆடு. பறண்டல் வேறு, வளை வேறு என்று பிரித்தவர்கள் முயலோடு மல்லுக்கட்டியவர்கள் என்பது அந்த வரியில் தெரிகிறது.

பின்னாளில் கணக்கு வேறு விதமாக மாறி, வளை தோண்டி வாழும் உயிரா இல்லையா என்று பார்த்தார்கள். பெருச்சாளி வளைக்குச் சலுகை உண்டு. நாய் பறண்டிய குழிக்குக் கிடையாது. நம் மைதானங்களில் கோடையில் குளிர்ந்த மண்ணுக்காக நாய்கள் தோண்டிப் படுக்கும் குழிகளை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு அநியாயம் என்று தெரியும். 2019 முதல் எந்த விலங்கு தோண்டியிருந்தாலும் அது விலங்குக் குழிதான். வெளியே தள்ளிய மண்ணும், வளைக்குப் போகும் தேய்ந்த தடமும், அடியில் தோண்டியதால் மேலே புடைத்த தரையும் அதில் சேரும். தண்டனையில்லாமல் விலகி ஆடலாம். மாட்டுக் குளம்புத் தடம் தோண்டியதில் சேராது, மிதித்தது மிதித்ததுதான். அதற்கு நிவாரணம் வேண்டுமானால் மைதானக் குழு உள்ளூர் விதி போட வேண்டும். உகாண்டாவின் ஜின்ஜா மைதானத்தில் நீர்யானையின் காலடித் தடத்துக்கு அப்படி உள்ளூர் விதி இருந்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள். சாணம் கிடந்தால் எளிது, அது நகர்த்தத்தக்க பொருள், ஒதுக்கிவிட்டு ஆடலாம்.

புற்றுதான் நம் ஊருக்கே உரிய வழக்கு. விலங்குக் குழி என்ற வரையறையில் புழு பூச்சிகள் தோண்டியவை சேராது. அவை எழுப்பும் மண்மேடுகளை விதிப்புத்தகம் சருகு, சுள்ளி வரிசையில் வைக்கிறது, தள்ளிவிட்டு ஆடலாம் என்கிறது. எழுதியவர்கள் மனதில் இருந்தது புல்மேல் பொலபொலவென்று குவிந்த எறும்பு மண். தமிழ்நாட்டுக் கரையான் புற்றை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். வெயிலில் இறுகிய புற்றைக் கடப்பாரை போட்டால்தான் பெயர்க்க முடியும். ஆளுயரம் எட்டாத புற்றுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து முட்டை உடைத்து ஊற்றியிருப்பார்கள். அதைத் தள்ளிவிடு என்று, ஆட்டக்காரரின் மட்டைப்பையைச் சுமந்துவரும் எந்தக் கேடியிடம் சொல்ல முடியும்? இதற்கும் வழி இருக்கிறது. மைதானக் குழு அந்தப் புற்றைச் சுற்றிக் கோடு போட்டு, பழுது நிலம் என்று அறிவித்துவிடலாம். அறிவித்தால் சண்டை இல்லை, புற்றுக்கும் சேதம் இல்லை.

புற்றுக்குள் பாம்பு இருந்தால் அது வேறு விதி, 16.2. பந்துக்கு அருகில் ஆபத்தான விலங்கு இருந்து, கிடக்கிறபடி ஆடினால் உடலுக்குக் கடுமையான தீங்கு வரலாம் என்றால் தண்டனையில்லாமல் விலகலாம். விஷப் பாம்பு, கொட்டும் தேனீ, முதலை, நெருப்பெறும்பு, கரடி என்று புத்தகம் உதாரணம் காட்டுகிறது. 2014இல் கோலாலம்பூரில் நடந்த மலேசிய ஓப்பன் போட்டியில் ஸ்பெயின் வீரர் பாப்லோ லராஸபாலைக் குளவிகள் சூழ்ந்து கொட்ட, அவர் மேலாடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏரியில் குதித்தார். ஊசி போட்டுக்கொண்டு வந்து அதே குழியை பேர்டியில் (நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாக) முடித்தார். அதை ஆபத்து இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் 2020 ஜூலையில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் நடந்த போட்டியில் பிரைசன் டிஷாம்போ என்ற வீரர் தன் பந்தருகே நெருப்பெறும்பு இருக்கிறது என்று நடுவரிடம் விலக்குக் கேட்டார். ஓர் எறும்பைக் காட்டினார். நடுவர் மறுத்துவிட்டார். அந்தப் பந்து ஏற்கெனவே ஆட முடியாதபடி மோசமாகக் கிடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் காட்சி முழுமையாகும். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. இக்கட்டில் இருக்கும் மனிதனுக்கு எறும்பு பெரிதாகத் தெரிகிறது. நந்தனத்தில் நடுவர் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதே எறும்பை யார் அளப்பது?

கொடைக்கானலில் 1895 முதல் இருந்துவரும் கோல்ஃப் கிளப்பில் ஆபத்தை அளக்க உருப்பெருக்கி தேவையில்லை. அங்கே காட்டெருமைகள் புல்தரையில் மேய்வது அன்றாடக் காட்சி. வளர்ந்த ஆண் 1000 கிலோவையும் தாண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு, விரட்டுவதற்கோ துன்புறுத்துவதற்கோ இடமில்லை. பந்து அதன் காலடியில் கிடந்தால் அது நகரும்வரை நிற்கலாம், அல்லது ஆபத்து இல்லாத கிட்டத்து இடத்தைக் கணக்கிட்டு, ஒரு மட்டை நீளத்துக்குள் வேறு பந்தைப் போட்டு ஆடலாம். லீத் பொதுநிலத்தின் பழைய நிலைமை இன்று தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கும் இடம் அந்த மலைதான் என்று நான் கருதுகிறேன். ஆட்டக்காரர் அங்கே விருந்தாளி.

இத்தனை விதிகளிலும் கேடியின் இடம் பேசப்படுவது குறைவு. பந்து விழும் பக்கம் முன்னாலேயே போய் நின்று, காகம் கொத்தியதையும் நாய் திரும்பியதையும் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான். ஏறக்குறைய நிச்சயம் என்ற அந்த 95 சதவீதத்தை நம் மைதானங்களில் பெரும்பாலும் எட்ட வைப்பது அவருடைய கண். கிடைக்கக்கூடிய எல்லாத் தகவலையும் ஆட்டக்காரர் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதி சொல்லும்போது அவர் சாட்சியமும் அதில் அடக்கம். அதே நேரத்தில் அவர் தவறு செய்தால் தண்டனை ஆட்டக்காரருக்கு. ஆனால் இந்த விதிகள் அவரிடம் வருவது ஆங்கிலத்தில், அதுவும் வாய்வழியாக, ஆட்டக்காரருக்குக் கோபம் வந்த நேரத்தில். தமிழ்நாட்டு கிளப்கள் தங்கள் உள்ளூர் விதிகளோடு விலங்கு பற்றிய இந்த நான்கைந்து விதிகளையும் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கேடிகளின் கையில் கொடுக்க வேண்டும். நாயைத் துரத்தி ஓடுவதற்கு முன்னால் பந்து கிடந்த இடத்தைக் கண்ணால் குறித்து வை, முடிந்தால் ஒருவரை அங்கேயே நிற்கச் சொல், பிறகு ஓடு என்பது அந்தத் தாளின் முதல் வரியாக இருக்கட்டும்.